முதலாளியும் பச்சைத் தரையும்

அந்த வீட்டில் மாமனார் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கும் ஒரே ஜீவன் நாய்தான். அதைத்தான் அவர் வீட்டை விட்டு அனுப்பத் துடித்தார்.

நாயின் பெயர் முதலாளி. கல்யாணமாகி வந்தபோது மருமகள் கூடவே கூட்டி வந்தது. மாமனார் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய விசில் பெறவில்லை. அது இன்னும் கழுத்தில் தொங்கியது. வந்த புதிதில் முதலாளி கூடத்துப் பச்சைக் கம்பளத்தின் மேல் காலைத் தூக்கியது. அவர் விசிலை ஊதினார். அன்றிலிருந்து அது கம்பளத்தைக் கண்டாலே சுவரோரமாக ஒதுங்கிப் போனது.

"எங்கிட்டயும்தான் கல்யாணமான நாள்லேந்து ஊதறாரு. நான் திரும்பியாவது பாத்திருக்கேனா?" என்பார் மாமியார்.

வீட்டுக்குப் பின்னால் நாலு சுவருக்குள் கொஞ்சம் மண்தரை. மழை பெய்தால் அது சேறு. அந்தச் சேறு நான்கு பாதங்களில் ஏறி சோபாவுக்கு வந்தது. மாமனார் யாரையும் கேட்காமல் ஒரு வண்டி மரச்சீவலை இறக்கிப் பரப்பினார். இயற்கையானது, கண்ணுக்கும் அழகு என்றார். முதலாளி அதில் கொஞ்சத்தைத் தின்று விருந்தாளிகள் முன்னால் வாந்தி எடுத்தது. கொஞ்சத்தை ரோமத்தில் ஒட்டிக்கொண்டு மாமனாரின் கட்டிலில் சேர்த்தது. மிச்சத்தில் ஒரு சிராய் அதன் பாதத்தில் ஆழமாக ஏறியது. நாய் டாக்டர் கிழித்து எடுத்துக் கட்டுப் போட்டார். புண் ஆறும்வரை தெருவும் கூடாது, மண்ணும் கூடாது என்றார்.

"இந்த ரோதனையெல்லாம் நமக்கு ஆகாது. என் தம்பி குடோனுக்கு அனுப்பிடலாம். காவலுக்காவது ஆகும்" என்றார் மாமனார்.

மருமகள் அதிகம் வாய் திறக்காதவள். ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. நாளெல்லாம் பார்ப்பது சின்னச் சின்னக் குப்பிகளை. அவை எதிர்த்துப் பேசாது. அன்று அவள் பேசினாள்.

"பின்னாடி செயற்கைப் புல் போட்டுடலாம் மாமா. சேறும் வராது, சிராயும் குத்தாது."

"பிளாஸ்டிக் புல்லா? அப்படியே ஒரு பிளாஸ்டிக் மாட்டையும் வாங்கி மேய விடு."

"போட்டுப் பாக்கலாம் மாமா. சரிவரலைன்னா... அனுப்பிடலாம்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் நாயைப் பார்க்கவில்லை.

கடையில் மாதிரித் துண்டைக் கையில் ஏந்தி, தன் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்தாள். தண்ணீர் அடியிலிருந்த ஓட்டைகள் வழியாகக் கடைக்காரரின் ஷூவுக்குள் இறங்கியது. "நல்லா வடியுது" என்று திருப்திப்பட்டாள். வெயிலில் சூடேறுமா, நாற்றம் பிடிக்குமா, எப்படிக் கழுவுவது என்று கேட்டாள். ஈரக்காலோடு அவரும் பதில் சொன்னார்.

சீவலை வாரிவிட்டு ஜல்லி பரப்பி, சுவருக்குச் சுவர் புல்லை விரித்தார்கள். மறுநாள் காலையில் முதலாளியைக் கொண்டுபோய் விட்டார்கள். அது புல்லைப் பார்த்தது. மாமனாரின் கழுத்தைப் பார்த்தது. சுவரை உரசிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே வந்தது.

மத்தியானமும் அதே கதை. மாமியார் குழாயைத் திறந்து சத்தம் காட்டினார். அவருக்குத்தான் வந்தது, நாய்க்கு வரவில்லை.

"பாத்தியா? நாய்க்கே பிடிக்கலை" என்று மாமனார் தம்பிக்குப் போன் போட்டு, காலையில் வண்டி அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் முதலாளியின் பின்னங்கால்கள் நடுங்கின. வயிறு கல்லாக இருந்தது. தெருவுக்குத் தூக்கிப் போகலாமென்றால் அது ஒரு ஆள் எடை, மகனோ வேலைக்காக வெளியூரில். டாக்டர் போனில், இன்னும் போகவில்லையென்றால் கூட்டி வாருங்கள், சிறுநீரை எடுக்கக் குழாய்தான் விடவேண்டும் என்றார்.

மருமகள் வாசற்படியில் உட்கார்ந்து புல்லைப் பார்த்தாள். திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே பச்சை.

"மாமா, அது இதையும் கம்பளம்னு நெனச்சிருக்கு."

"அதுக்கு?"

"நீங்க ஊதுவீங்கன்னுதான் அடக்கிட்டிருக்கு."

முதலாளி நடுங்கிக்கொண்டே மாமனாரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இப்ப என்னம்மா பண்றது?" குரல் இறங்கியிருந்தது.

"நாய்ங்க மோப்பம் பிடிச்சுத்தான் போகும். ஏற்கெனவே யாராவது போன இடம்னா தைரியமாப் போகும்."

"யாராவதுன்னா?"

அவள் காது சிவந்தது. "யாராவது, மாமா."

மாமனார் விசிலைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். "எல்லாரும் உள்ள போங்க. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

மாமியாரும் மருமகளும் அடுப்படி ஜன்னலில் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர் முதலாளியை அழைத்துக்கொண்டு மூலைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"டேய், நீ அந்தப் பக்கம் திரும்புடா. பாத்தா எனக்கு வரமாட்டேங்குது."

முதலாளி பணிவாகத் திரும்பி நின்றது.

"ஊரையே வரிசையில நிக்க வெச்ச மனுஷன்" என்று மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் கேட்டது. முதலாளி வந்து மோந்து பார்த்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

"போடா ராஜா. நான் ஊதலை."

அது காலைத் தூக்கியது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிகால் ஓட்டைகள் கடைக்காரர் சொன்னபடியே வேலை செய்தன.

மாமனார் கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். "வண்டி வேணாம். உன் குடோன்ல அவனுக்கு யாருடா சொல்லித் தருவா?"

மறுநாள் விடிந்ததும் மருமகள் புல்லைக் கழுவ ரப்பர் குழாயோடு வந்தாள். மாமனாரும் முதலாளியும் மூலையில் தோளோடு தோளாக நின்றிருந்தார்கள். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"மாமா, அது நேத்தே கத்துக்கிச்சு."

"மறந்துடுவாம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்குக் கூட நிக்கணும்."

ஜன்னல் திட்டில் விசில் கிடந்தது. மாமியார் உள்ளிருந்து கையை நீட்டி எடுத்தார், முந்தானையில் துடைத்தார், கன்னம் உப்ப ஊதினார்.

இரண்டு பேரும் பாதியில் நிறுத்தினார்கள்.