செவ்வாயும் விடுமுறைதான்

ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும் அரசு விடுமுறையைப் போல வயிற்றெரிச்சல் வேறு இல்லை. சும்மாவே வீட்டில் கிடக்கும் நாளுக்கு லீவு எதற்கு? அதனால்தான் இந்த ஊர்ச் சட்டத்தில் பதிலுக்குத் திங்கட்கிழமை விடுகிறார்கள். அந்தப் பதில் விடுமுறைகளை நாட்காட்டி மென்பொருளில் சரியாகக் காட்டுவது அவளுடைய வேலை. அந்த நிரலை எழுதியவளும் அவளே, தப்பு வந்தால் திட்டு வாங்குபவளும் அவளே.

அந்த வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து அவள் உட்கார்ந்ததும் பரிசோதனைப் பிரிவுக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். எறும்பு குறுக்கே போனாலும் குறை எழுதுகிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"மேடம், நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஒரு லீவு. மறுநாள் திங்கக்கிழமை, அது தனி லீவு. உங்க ப்ரோக்ராம் ஞாயித்துக்கிழமை லீவத் தூக்கி திங்கக்கிழமை மேல வச்சிருக்கு."

"அதான சட்டம்?"

"அங்கதான் ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கே! ஒரு நாற்காலில ரெண்டு பேரா? இது அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகணும். செவ்வாயும் லீவு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பல வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கூத்து இது. மெதுவா பாத்துக்கலாம்" என்று சொல்லி மவுசைத் தொட்டவளுக்கு, கை அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமைதான் தம்பி சிறையிலிருந்து வெளியே வருகிறான்.

போன தடவை அவன் வந்தபோது வாசலில் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. அப்பா எப்போதோ அவனைத் தலைமுழுகிவிட்டார். இவளோ வேலை வேலை என்று இருந்துவிட்டாள். பழைய சகவாசம் மட்டும் அந்த நாளைத் தவறவிடாமல் வந்து நின்று, பைக்கில் ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் திரும்பவும் உள்ளே போய்விட்டான். இந்தத் தடவை பார்க்கப் போனபோது, கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வாசல்ல நீ நில்லுக்கா. நீ இல்லேன்னா அவனுங்கதான் நிப்பானுங்க. எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது."

நிற்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தாள். விடுதலை நாள் விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே ஆளை அனுப்பிவிடுவது சிறை வழக்கம். அதனால் தன் நாட்காட்டியைத் திறந்து, செவ்வாய் வேலைநாள்தான் என்று பார்த்தும் வைத்திருந்தாள். தான் எழுதியதைத் தானே நம்பினாள், பாவம்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கும் விடுமுறை என்றால் முந்தைய வேலைநாள் வெள்ளி. இன்று.

சிறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "காலையிலயே அனுப்பிட்டோமே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பூதக்கண்ணாடி என்னவென்று கேட்பதற்குள் அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

வாடகைக் கார் ஊர்ந்தது. இந்நேரம் பழைய கூட்டாளிகள் அவனைக் கொண்டு போயிருப்பார்கள் என்றே நினைத்தாள். அவர்கள் எந்த மென்பொருளையும் பார்ப்பதில்லை, ஆனால் நாளைத் தவறவிட்டதும் இல்லை. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சிறைவாசலில் ஈ காக்கை இல்லை. பெரிய கதவு சாத்தியிருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பியவள், எதிர்ச் சுவரின் நிழலில் அவனைப் பார்த்தாள். மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான்.

"ஒரு போன் பண்ணக் கூடாதாடா?"

"நேத்து சாயந்தரம்தான்க்கா சொன்னாங்க. எனக்கு அப்பா நம்பர் மட்டும்தான் மனப்பாடம். எடுத்தாரு. என் குரலக் கேட்டதும் வச்சிட்டாரு."

"அவனுங்க?"

"வந்தானுங்க. அக்கா வருவா, நான் வரலன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டானுங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் தப்புடா. திங்கக்கிழமை மேல ரெண்டு லீவையும் வச்சுட்டேன். செவ்வாக்கிழமைன்னு நெனச்சு..."

அவனுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"நீ செவ்வாக்கிழமை வரேன்னுதானக்கா சொன்ன?" என்றான். "அதான் அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."