கலங்கரை விளக்கம் வலது பக்கம்

"கமிட்டிக்கு என் பேர்ல அனுப்பின வீடியோவைக் காட்டுங்க அத்தான்."

கேட்டே விட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்களோ அதையே கேட்டுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன் இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றே, அக்கா அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓதியிருந்தாள்: "தண்ணிக்குள்ள உங்க அத்தான்கிட்ட என்ன வேணா கேளு. சண்டைகூடப் போடு, ரசிப்பார். ஆனா கமிட்டிக்கு என்ன அனுப்பினீங்க, ஏது அனுப்பினீங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. கிளப்ல இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டது கிடையாது."

அக்கா பெரியம்மாவின் மகள். அவள் கணவர்தான் இந்த அலைச்சறுக்கு கிளப்பை நடத்துகிறவர். ஊருக்கு மாஸ்டர், இவளுக்கு அத்தான். கடற்கரையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கிளப். சுவரோரம் அடுக்கடுக்காகப் பலகைகள், கொடியில் ஈரச் சட்டைகள், தரையெல்லாம் மணல், மூலையில் ஒரு மேசை, அதன் மேல் மணல் நுழைந்து பாதி எழுத்துகள் அழுந்தாத லேப்டாப். அத்தான் ஒரு பலகையை மடியில் போட்டுப் கால் வழுக்காமலிருக்கப் பூசிய பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டும் சத்தம் நின்றது.

"என்ன கேட்ட?"

"காது கேட்டுச்சுல்ல? வீடியோ."

சட்டைகளைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பி, கண்ணாலேயே 'வேண்டாம்டி' என்றாள். இவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோபம் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. நகர அணிக்கான தேர்வில் முதல் சுற்றில் தேறியவர்கள் பட்டியலைக் கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் வரும் வீடியோவைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். அதில் தேறினால் பயிற்சி முகாம், முகாமில் தேறினால் அணி. இந்தக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது சிட்டுவின் பெயர். சிட்டு அத்தானின் தங்கை, பத்தொன்பது வயது, நல்ல பெண். ஆனால் மூன்று அலை பிடித்தால் இரண்டில் குப்புற விழுவாள். இது அலைக்கே தெரியும்.

இவளுக்குக் கிளப்பில் 'டிகிரி' என்று பேர். அந்தக் கொட்டகையில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். அவள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கடலோர ஓட்டல் ஒன்றில் போர்வை துவைக்கிறவள். அந்த ஓட்டல் உடைந்ததென்று குப்பையில் எறிந்த பலகையைத் தூக்கிவந்துதான் பத்து வயதில் இவள் அலை ஏறக் கற்றாள். படித்து முடித்து ஏசி ஆபீசில் வேலை கிடைத்தபோது அப்பா தெருவில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தார். ஒரு வருடம் கழித்து அத்தான் போன் பண்ணினார். "உன் கால்ல இருக்கிறதை ஆபீஸ் மேஜைக்கு அடியில போட்டு வைக்காதே. இங்க வா. அணியில சேர்த்துவிடுறது என் பொறுப்பு." அப்பா ஒரு வாரம் பேசவில்லை. இவள் வேலையை விட்டாள். ஒரு பெட்டி, பழைய போர்வையில் சுற்றிய பலகை, இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு திரைக்குப் பின்னால்தான் படுக்கை. பரவாயில்லை என்று நினைத்தாள். கடல் பக்கத்தில் இருக்கிறதே.

புது ஊர்க் கடல் லேசில் வசப்படவில்லை. எங்கே காத்திருக்க வேண்டும், எந்த அலை ஏமாற்றும் என்று பிடிபடவே ஒரு மாதம் ஆனது. இங்கே கரையில் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் அலைத்தடுப்புச் சுவர், அதன் முனையில் சிவப்புக் கலங்கரை விளக்கம். அலை எப்போதும் அந்தச் சுவரிலிருந்து புறப்பட்டு வலப்பக்கமாகத்தான் உருளும். வலது காலை முன்வைத்து நிற்கிறவள் இவள். அதனால் அலையைப் பார்த்தபடி போவாள், கரையில் இருப்பவர்களுக்கு இவள் முதுகுதான் தெரியும். இடது காலை முன்வைக்கிற சிட்டுவுக்கு நேர்மாறு: அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயந்த முகத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு வருவாள். "ஒருத்திக்கு முதுகு, ஒருத்திக்கு மூஞ்சி. ரெண்டையும் ஒட்டினா முழுசா ஒரு ஆள்" என்று அத்தான் கிண்டல் பண்ணுவார்.

அக்கா தினம் காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று போனில் படம் பிடிப்பாள். தேர்வுக்காக. கை வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. ஊரில் அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம் இவள், "அக்கா மாதிரி யாரும் வரமாட்டாங்கம்மா" என்பாள்.

"அது கமிட்டி முடிவு" என்றார் அத்தான். "உன் வீடியோ அவங்களுக்குப் பிடிக்கலை. அதுக்கு நான் என்ன பண்ண?"

"பிடிக்காத வீடியோ எதுன்னு பார்க்கறேன். தப்பு எங்கன்னு தெரியணும்ல?"

"அது இப்ப லேப்டாப்ல இல்ல. லேப்டாப்பும் சரியில்ல. பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு உயிரை வாங்குது."

"பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே நான்தான் அத்தான்."

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமானாலும் இவள்தான் எழுதுவாள். இங்கேயும் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கிளப்பின் பன்னிரண்டு விண்ணப்பங்களையும் இவள்தான் நிரப்பினாள். சிட்டுவின் தாளில் 'உங்கள் பாணியை விவரிக்கவும்' என்ற இடம் வந்தபோது, பாவம் என்று யோசித்து யோசித்து நான்கு வரி எழுதினாள். தன்னுடையதை நிரப்பியதும் அத்தான் கையை நீட்டினார்: "உன்னோடதை மட்டும் கொடு, வீடியோவோட சேர்த்து நானே அனுப்பிடறேன்." கொடுத்தாள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரை படித்துச் சரிபார்த்துக் கொடுத்தவள், தன் தாள் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

லேப்டாப்பில் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்தாள். ஒவ்வொரு பெயராக இறங்கிவந்தாள். பதினொன்று. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கினாள். பதினொன்றுதான்.

"என்னோடது போகவே இல்லை" என்றாள். சொன்னது தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது. பிறகு சத்தமாக: "போகவே இல்லையே அத்தான்! ஒரு மாசமா கமிட்டி பார்க்குது, பார்க்குதுன்னீங்க. எதைப் பார்த்தாங்க?"

"மூடு அதை" என்று அத்தான் எழுந்தார். மடியிலிருந்த பலகை தரையில் விழுந்தது. அவள் மூடவில்லை. சிட்டுவின் பெயருக்கு நேராக இருந்த வீடியோவை அழுத்தினாள். தேறியது எதுவென்றாவது பார்த்துவிடலாம் என்றுதான்.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அலையில் எழுந்து நின்றாள். இடது கால் முன்னே. கரைக்கு முதுகு. கிளப் சட்டையில் பெயர் நெஞ்சுப் பக்கம் மட்டும்தான், முதுகில் ஒன்றும் கிடையாது. அந்தப் பெண் அலையின் அடிவரை இறங்கி, ஒரு வெட்டு வெட்டி மேலேறி, நுரைக்கு ஒரு முழம் முன்னால் சறுக்கிக்கொண்டு போனாள். இவளுக்கு முதலில் தோன்றியது பொறாமைதான். சிட்டு இவ்வளவு நன்றாக எப்போது ஓட்டக் கற்றாள்? நாம் வீணாகக் கோபப்பட்டோமோ?

அப்போதுதான் அந்தப் பெண்ணின் பின்கை மேலே எழும்பியது. எழும்பி, இல்லாத ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அது எந்தக் கம்பி என்று இவளுக்குத் தெரியும். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் நின்றுகொண்டே போன பஸ் அது. வலது கையில் புத்தகம், இடது கை கம்பியில். அந்தப் பழக்கம் அலையிலும் விடவில்லை. சமநிலை தடுமாறினால் இடது கை தானாக மேலே போகும். "பஸ் ஓடிட்டு இருக்குன்னு நினைப்பா? இறங்கும்மா, உன் ஸ்டாப் வந்துடுச்சு" என்று அத்தான் கரையிலிருந்து கத்துவார். ஆனால் இந்தப் பெண் பிடித்திருந்தது வலது கையால்.

படம் ஓடியது. சுவர் தெரிந்தது. சுவரின் முனையில் சிவப்புக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அது வலது பக்கம் நின்றது.

தலையைத் திருப்பிக் கொட்டகை ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அது வழக்கம்போல இடது பக்கம் நின்றது. திரையைப் பார்த்தாள். வலது. ஜன்னல், திரை, ஜன்னல். இத்தனை வருடம் படித்த மூளை அந்த நேரத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை.

யாரோ வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். சிட்டுதான். திரையை எட்டிப் பார்த்து, அப்பாவியாகக் கேட்டாள்:

"அண்ணா, இது நான் இல்லையே? இது டிகிரி அக்காவாச்சே. ஏன் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி இருக்கு?"

கொடியிலிருந்த சட்டை ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் ஓட்டத்தையே திருப்பி இவ பேர்ல அனுப்பியிருக்கீங்க" என்றாள் இவள். கேள்வியாகக்கூட வரவில்லை. "எப்படி அத்தான் மனசு வந்துச்சு?"

"கத்தாதே. திருப்பினது நான் இல்ல" என்றார் அத்தான். "எனக்குப் போன்ல ஒரு போட்டோவை அழிக்கக்கூடத் தெரியாது."

இதுவரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்ல அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இவள் இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் அது. அக்கா தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டாள். சட்டையில் இருந்த கிளப் பெயர் இடவலம் மாறி விழுந்திருந்தது. "இதை எப்படிடி நேராக்குறது?" என்று கேட்டாள். இவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு முக்கோணத்தைக் காட்டி, "இதை ஒரு அழுத்து அழுத்துக்கா, திரும்பிடும். வீடியோவுக்கும் இதேதான்" என்று சொல்லிக்கொடுத்தாள். அக்கா நான்கு முறை அழுத்திப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தாள்.

"நீயா?" என்றாள் இவள்.

"உட்காரு, சொல்றேன்."

"நீயாக்கா?"

"ஆமாடி, நான்தான்!" அக்கா சட்டையை வாளிக்குள் எறிந்தாள். "அவளுக்கு வேற என்ன இருக்கு சொல்லு? படிப்பு ஏறலை. அணியில சேர்ந்தாத்தான் விளையாட்டுக் கோட்டாவுல அவளுக்கு ஒரு வேலைன்னு எங்க மாமியார் தினமும் என் உயிரை எடுக்கறாங்க. உனக்கு என்ன? டிகிரி இருக்கு. நாளைக்கே எந்த ஆபீஸ்லயும் உன்னை நாற்காலி போட்டு உட்கார வைப்பாங்க. அடுத்த வருஷம் உன்னை அனுப்பலாம்னுதான் பேசினோம். உனக்கு ஒரு வருஷம் பெரிசா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவள் திருப்பி அறைந்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பட்டத்தை வாங்க அப்பா தூக்கிய மூட்டைகள், அம்மா பிழிந்த போர்வைகள், பஸ் கம்பி. எல்லாம் சேர்ந்து கடைசியில் இதற்கு ஒரு சாக்காகப் போய்விட்டதே. உனக்குத்தான் டிகிரி இருக்கிறதே, அலை எதற்கு?

"நான் முட்டாள்னு நினைச்சீங்களா, இல்ல சொந்தக்காரின்னு நினைச்சீங்களா?" என்றாள்.

"குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று அத்தான் குழையத் தொடங்கினார். "முகாம்ல சிட்டு எப்படியும் தேறமாட்டா. நானே அடுத்த வாட்டி..."

"அண்ணா!" என்றாள் சிட்டு.

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் இவள் காதில் ஏறவில்லை. காலையில் கதவில் படித்த தாளின் கடைசி வரி கண்முன் வந்து நின்றது. மற்றவர்கள் பெயரைப் பார்த்ததும் போய்விட்டார்கள். இவள்தான் அடிவரை படித்தவள். 'ஆட்சேபம் இருப்பவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் கமிட்டி அலுவலகத்தில் நேரில் தெரிவிக்கலாம்.' மணி மூன்றரை. வீடியோவைத் தன் முகவரிக்கு அனுப்பினாள். போனது என்று திரை சொன்ன பிறகே லேப்டாப்பை மூடினாள்.

சுவரோரம் இருந்த தன் பலகையை எடுத்தாள். ஓட்டல்காரன் எறிந்த அதே பலகை. அதன் முன்முனையில் மூன்று ஒட்டு.

"எங்கடி கிளம்பிட்ட?" அக்கா வாளியைத் தாண்டி வந்தாள். "கமிட்டிக்கா? கிளப்பையே மூடிடுவாங்கடி! நாங்க எங்க போவோம்? பெரியம்மா பொண்ணுன்னுகூடப் பார்க்க மாட்டியா? சித்திகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடறேன். நீ கஷ்டப்படாதே."

"என் பேரை எடுத்திடச் சொல்லுங்கக்கா" என்றாள் சிட்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து ஒதுங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவள் அவள் தோளைத் தொடலாமா என்று நினைத்தாள், தொடவில்லை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

வெளியே வெயில் மணலில் சுட்டது. பாதி தூரம் போய் நின்று, போனை எடுத்து, கடலைப் பார்க்கப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். இடது பக்கம் சுவர், சுவர் முனையில் சிவப்பாகக் கலங்கரை விளக்கம். வேறு சாட்சி தேவையில்லை.

பலகையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கமிட்டி அலுவலகம் மூன்று கிலோமீட்டர். பலகையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தாள், அப்பா மூட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரியே. பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சாலை வந்தது, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள்.