அவனுக்குச் சொல்லித்தராத வார்த்தைகள்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. பேருந்தில் நின்றபடியே மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிக்கும் ஆள் நான். மூலமொழி ஒன்றுகூடத் தெரியாது. ஒருநாள் கடைசிப் பக்கத்தில் நாயகி தப்பித்துக் கப்பலேறியபோது சின்னதாக ஒரு சந்தேகம். மூலத்தில் அவள் பிடிபட்டிருந்து, என்மேல் இரக்கப்பட்டு மொழிபெயர்ப்பாளர் அவளைக் கப்பலேற்றியிருந்தால்? எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சந்தேகத்தை ஒரு டீச்சரிடம் கொடுத்துப் பார்த்தேன்.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இணையத்தில் தமிழ் கற்பிக்கும்..."

வேண்டாம். மழைக்கு இங்கே வேலை இல்லை.

டீச்சர் மடிக்கணினியை இஸ்திரிப் பலகைமேல் வைத்துத்தான் பாடம் நடத்துவாள். கேமராவில் விழாத மூலையில் அக்கா துணி மடிப்பாள். திரையில், வேறொரு நாட்டில், மாணவன். அவன் மனைவிக்குத் தமிழ் தாய்மொழி, அவனுக்குப் புதுமொழி. அவளுக்குத் தெரியாமல் படித்து ஒருநாள் அசத்தப்போவதாகச் சொல்லித்தான் சேர்ந்தான்.

"வணக்கம் ஆசிரியை. தாங்கள் நலமா?"

"கல்வெட்டு பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று அக்கா முணுமுணுப்பாள்.

3

இன்று அவன், "நான் பயிற்சி கொண்டுவந்தேன்" என்று கைபேசியை மைக்கின் அருகே பிடித்தான். ஒரு பெண் குரல், தணிந்து, வேகமாக:

"அண்ணா, அடுத்த வாரம் இவர் வெளியூர் போனதும் பாப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். பையெல்லாம் ரெடி. இவருக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

அக்காவின் கையில் போர்வை பாதி மடிப்பில் நின்றது.

"என் மனைவி. நான் கைபேசியை அலமாரியின் மேல் ஒளித்து வைத்தேன்." வாக்கியத்தைப் பிழையில்லாமல் முடித்த பெருமை அவன் முகத்தில். "மிகவும் வேகம். அடுத்த வாரம், பை, பாப்பா. இவை புரிந்தன. முழுவதும் என்ன, ஆசிரியை?"

(இவனை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு வரைவில் அவனுக்குப் பின்னால் உடைந்த கதவு வைத்தேன், எடுத்துவிட்டேன். இன்னொன்றில் அவன் கண் கலங்கியது, மனைவியைப் போகாதே என்று அவள் மொழியிலேயே கெஞ்சத்தான் படிக்கிறான் என்று எழுதினேன். அதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது புன்னகையும் அலமாரியும்.)

4

டீச்சர் பொய் சொன்னாள். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளை ஒதுக்க முடியாது. அவற்றை வைத்தே வேறு வீடு கட்டவேண்டும்.

"அவருடைய அண்ணன் அடுத்த வாரம் வருகிறார். பாப்பாவுக்கு ஒரு பை கொண்டுவருகிறார்."

"கிளம்பு?" என்றான் அவன். "சென்ற பாடம். கிளம்பு என்றால் புறப்படு. யார் புறப்படுகிறார்?"

நன்றாகச் சொல்லிக்கொடுத்ததே வினையாகிவிட்டது.

"அண்ணன். அண்ணன் புறப்படுகிறார்."

"நல்லது. மீண்டும் கேட்போமா?"

டீச்சர் மைக்கை அணைத்து, தண்ணீர் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கட் பண்ணுடி" என்றாள் அக்கா. "நெட் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"கட் பண்ணா வேற டீச்சர்கிட்ட போவான்க்கா. அவங்க சரியா சொல்லிக் குடுத்துடுவாங்க."

"உன்னை மாதிரி கெட்ட டீச்சர் கிடைக்கணுமே!"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. டீச்சர் மைக்கைத் திறந்தாள்.

5

அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. தோளில் பையோடு ஒரு பெண், கையில் சாவி.

அவன் நாற்காலியோடு திரும்பினான். "இன்ப அதிர்ச்சி!" என்றான், தமிழில்.

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. "உங்களுக்கு... தமிழ் புரியுமா?"

"கொஞ்சம் புரியும்." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். "உன் அண்ணன் அடுத்த வாரம் வருகிறாரா?"

அவள் அவன் தோளைத் தாண்டி, திரையிலிருந்த முன்பின் தெரியாத டீச்சரைப் பார்த்தாள்.

6

இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டீச்சர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். அது முடிவதற்குள் அவன் கை அழைப்பைத் துண்டிக்க மவுஸுக்குப் போய்விடும். அவளுக்குப் புரியவேண்டும், அவனுக்குப் புரியக்கூடாது.

"ஆமாம்னு சொல்லுங்க." முதல் பாடத்திலேயே வந்த வார்த்தை.

"தலையாட்டிடுங்க." உடல் உறுப்புகள் நடத்தியாயிற்று.

"உங்க அண்ணன்கிட்ட பேசினதை இவர்..." உறவுப் பெயர்கள். போச்சு.

நெட்டைத் துண்டித்து முடிக்கலாம். மனைவி தானாகவே "ஆமா" சொல்லிவிட்டதாக எழுதி, என்மேல் நானே இரக்கப்படலாம். கப்பலேற்றுவது எனக்கும் தெரியும். ஆனால் அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வாசிக்கும் உங்களுக்கு யாரும் இந்த மொழியைப் பாடம் பாடமாகச் சொல்லித்தரவில்லை. விருந்தாளியை எதிரில் வைத்துக்கொண்டே, அவருக்குப் புரியாமல், சமையலறைக்குச் சேதி அனுப்பும் வீட்டில் வளர்ந்தவர்கள் நீங்கள். எந்தப் பாடத்திலும் வராத அந்தப் பேச்சு உங்களிடம் இருக்கிறது.

"சொல்லித் தொலைடி" என்கிறாள் அக்கா.

டீச்சர் மூச்சை இழுத்துக்கொள்கிறாள்.

"மெதுவாகப் பேசுங்கள், ஆசிரியை" என்கிறான் அவன், திரும்பாமலேயே.

நீங்கள் வேகமாகச் சொல்லுங்கள்.