ஐந்துக்கும் குறைவு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. ஒன்பது புற்றுநோய் மருத்துவமனைகளின் நோயாளி விவரங்களை ஒரே வலைப்பின்னலில் இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் எதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கிற மென்பொருள் அவள் கைவண்ணம். விவரங்கள் அந்தந்த மருத்துவமனையை விட்டு நகராது. கேள்விதான் போகும், எண்ணிக்கைதான் திரும்பி வரும். அதுவும் ஐந்து பேருக்குக் குறைவு என்றால் எண்ணே வராது. ஆள் இன்னார் என்று யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே! அந்த விதிக்காக அவள் மருத்துவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

சோதனை ஓட்டம் தொடங்கிய அன்று, எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் மட்டும் எழவில்லை. அந்த ஒன்பதில் ஒன்றில் சிகிச்சை பெறும் தம்பியின் தொடையில் வந்திருக்கும் கட்டியின் பெயரைத் தட்டினாள். வாயில் நுழையாத பெயர். பேருந்து ஓட்டுகிற தம்பி அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். "கூப்பிடாமலே வந்து உக்காந்துட்டான், கெளம்புற வழியக் காணோம்" என்பான்.

திரையில் பதில் வந்தது: 'ஐந்துக்கும் குறைவு.'

நாலு பேரா? ஒருவர்தானா? அந்த ஒருவர் தம்பியேதானா? மற்றவர்கள் இருக்கிறார்களா, போய்ச் சேர்ந்துவிட்டார்களா? பூட்டு அவளுடையது, சாவியும் அவளிடமே. மென்பொருளில் ஒரு வரியை நீக்கினால் போதும். விரல்கள் அந்த வரிவரை போய்விட்டன.

அப்போதுதான் தம்பி வேலையிடத்தில் யாரிடமும் மூச்சுவிடாதது நினைவுக்கு வந்தது. முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டிருந்தான். விஷயம் தெரிந்தால் குணமானாலும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்களோ என்று அவனுக்குக் கிலி. வேறு எங்கோ இருக்கிற ஓர் அக்கா இதே திரையில் அவனைத் துழாவிக் கண்டுபிடித்துவிட்டால்?

கையை எடுத்துவிட்டாள். ஆனால் கேட்ட கேள்வி பதிவாகியிருக்கும். அதை யாரும் அழிக்க முடியாதபடி செய்ததும் அவள்தான். திட்டத்துக்குத் தலைமை வகிக்கும் டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "திறந்தியா?"

"இல்ல மேடம். திறக்கப் போனேன்."

"தம்பிக்கு இப்படின்னு ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம் மேடம்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சோதனை முடியுற வரைக்கும் நீ கேள்வி கேக்குற அனுமதிய எடுத்துடுறேன். இதே கட்டி வந்தவங்களப் பத்தி தம்பியோட டாக்டர முறைப்படி கேக்கச் சொல்லு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அவங்க நோயாளிங்ககிட்ட சம்மதம் வாங்கட்டும். நாளாகும். பல்லக் கடிச்சிட்டு இரு."

நாளாகத்தான் செய்தது. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தாள். தம்பியோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளத் தொடங்கினான். கேலியும் கிண்டலும் நின்றுபோயின. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட நடுங்கவைத்தது.

ஒருவழியாகத் தம்பியின் மருத்துவர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பியைத் தவிர இரண்டே பேர். ஒருவர் தவறிவிட்டார், அதைச் சொல்ல அவர் குடும்பம் சம்மதித்திருந்தது. இன்னொருவர் தையல்காரர். சிகிச்சை முடிந்து மூன்று வருடமாக நன்றாக நடமாடுகிறார். போனில் பேசத் தயார் என்றிருக்கிறார்.

தம்பி கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். வெளியே கூடத்தில் அவள் காய்ந்த துணிகளை மடிப்பதும் உதறுவதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். உள்ளே சத்தமே இல்லாமல் போனபோதெல்லாம் மடிப்பதை நிறுத்திக் கதவைப் பார்த்தாள்.

கதவு திறந்தது.

"என்னடா சொன்னாரு?"

"எந்த மருந்து அவருக்குக் கேட்டுச்சுன்னு சொன்னாரு. நமக்கு ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இன்னமும் கை நடுங்குதாம்க்கா." கதவுநிலையில் சாய்ந்தான். "அவரத் தவிர வேற யாரும் இருக்காங்களா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "இருந்தாரு. தவறிட்டாரு."

தம்பி துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒரு சட்டையை எடுத்து மடித்தான்.

"நாளைக்கு டாக்டரப் பாக்க நீயும் வர்றியாக்கா? தனியா போக பயமா இருக்கு."

நோய் வந்ததிலிருந்து 'பயம்' என்ற சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவளுக்கும் பயம் போனபாடில்லை.

"வர்றேன்டா" என்றாள்.