கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு மெஷின்

பலாபத்வலையில் பதுர்தீன் ஹாஜியாரின் மிளகுக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடி அலுமாரியைத்தான். மக்காவில் எடுத்த படத்துக்கும் பேரனின் பரிசுக் கிண்ணத்துக்கும் நடுவே, மிளகின் ஈரம் பார்க்கும் மெஷின். பிரவீனா கேட்டாள் என்றுதான் வாங்கினார். விலை கூடிய சாமான், தூசு படக்கூடாது என்று அன்றைக்கே பூட்டியும் விட்டார்.

பிரவீனா, தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து கேம்பஸ் போன முதல் ஆள். தரம் பார்க்கிற வேலை என்று சொல்லித்தான் ஹாஜியார் சேர்த்தார். செய்ததெல்லாம் பில் எழுதுவது. ஹாஜியார் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு மணியை எடுத்துக் கடித்து, "காஞ்சிருக்கு" என்றால், காய்ந்திருக்கிறது என்று இவள் எழுத வேண்டும். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை கிடைத்ததும், விலகப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாயே கசந்தது. மற்றக் கடைகள் அனுபவம் கேட்டுத் திருப்பி அனுப்பியபோது, "படிச்ச புள்ள, பழகிக்கும்" என்றவர் இவர் ஒருவர்தான். அப்பா முத்துவீரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வீட்டுச் சோறு அனுப்பியவர். இவ்வளவு நல்ல மனிதர்மேல் கோபப்பட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவளுடைய பெரிய கோபம்.

"சம்பளம் காணாதா மகள்? கூட்டித் தாரேன்."

"அது இல்ல ஹாஜியார்."

"பஸ்ஸுல வாரது கஷ்டமா? த்ரீவீல் அனுப்பவா? இல்லாட்டி கல்யாணம் ஏதும்..."

சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த முனவ்வரா ராத்தா கையை நிறுத்தாமலே சொன்னாள்: "கல்யாணம் பேசாம அந்த அலுமாரிச் சாவியக் குடுங்களேன். சமைக்கக் கூட்டிட்டு வந்து அடுப்பப் பூட்டி வச்சா எவ இருப்பா?"

ஹாஜியார் அலுமாரியைப் பார்த்தார். பிரவீனாவைப் பார்த்தார். "அதுக்கா போற?"

"அதுக்குத்தான்."

"கேக்கிறதுதானே?"

"எத்தன தரம் கேட்டேன். தூசு படும்னீங்க."

அவர் இடுப்புப் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பகலுக்கு யட்டவத்தையிலிருந்து மீராசாஹிப் மிளகு கொண்டுவந்தார். நெடுநாள் வியாபாரி. ஹாஜியார் பழக்கத்தில் ஒரு மணியைக் கடித்தார். "காஞ்சிருக்கு."

பிரவீனா ஒரு பிடி அள்ளி மெஷினில் போட்டாள். "ஈரம் கூடிப்போயிருக்கு. இப்பிடியே கட்டினா பூஞ்சணம் புடிக்கும்."

மீராசாஹிப் சிரித்தார். "ஹாஜியார்ட பல்லுக்கு மேலயா இந்தப் பொட்டி?"

புடைக்கும் சத்தம் நின்றது. பிரவீனா ஹாஜியாரையே பார்த்தாள். போவதா, இருப்பதா என்பது அவர் சொல்லப்போகிற பதிலில் இருந்தது.

ஹாஜியார் மிளகைத் துப்பினார். "பல்லுல பாதி கட்டினது, மீராசாஹிப். மிஸ் சொன்னா சொன்னதுதான். காய வச்சுக் கொண்டு வாங்க."

மிஸ். இத்தனை நாளும் புள்ள, மகள்தான். கண் கலங்கியதை மிளகுத் தூசி என்று எல்லாரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னேரம் ஹோட்டலுக்குப் போன் எடுத்து, வேலைக்கு வரவில்லை என்றாள். பிறகு ஹாஜியாரிடம் போய் நின்றாள். "ரொம்ப நன்றி ஹாஜியார். இனி பில் எழுத வேற ஆள் பாருங்க."

"மெஷினத் தந்தா கடையையே கேப்ப போல" என்றார் அவர். சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.