அழுத்தம் விழும் இடம்

பூந்தமல்லியில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். காலைப் பயிற்சியில் நாகவல்லி உச்சிக்குப் போகும் முன்பே ஊஞ்சல் கம்பியிலிருந்து கையை விட்டு, வலையில் முதுகடிபட விழுந்தாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடிக்கக் காத்திருந்தவன் அவள் புருஷன் மதுரைவீரன். அவன் கை இரும்பு, அதில் குறையில்லை. தப்பு வாயில்.

அதுவரை அவளைப் பிடித்தவன் ஸ்பெயின் தேசத்து ரஃபேல். ஊரில் சண்டை மூண்டதென்று கப்பலேறிவிட்டான். அவன் பாஷையில் 'சோல்தராஸ்' என்றால் 'நீ விடுவாய்'. அதை மூன்றாக உடைத்துக் கூவுவான். ஊஞ்சல் பின்னால் போகையில் சோல், கீழே வருகையில் த, உச்சியில் ராஸ். அழுத்தமெல்லாம் ராஸில்தான். கேட்டுக் கேட்டு, அழுத்தம் விழுந்தால் நாகவல்லியின் விரல்கள் தாமே திறந்துகொள்ளும். மதுரைவீரனுக்கும் தரையில் சரியாகத்தான் வரும். மேலே பயம் வந்ததும், தமிழ்ச் சொல்லைப் போல, தொடக்கத்துச் சோலிலேயே அழுத்தத்தைப் போட்டுவிடுகிறான். பயந்த நாக்கு சொந்த ஊருக்குத்தானே ஓடும்!

"தமிழ்லயே 'உடு'ன்னு கத்தட்டா?"

"என் கைக்கு அது தெரியாதுய்யா. சாயங்காலம் வலையும் கெடையாது."

வலையில்லாத ஆட்டமென்று முதலாளி ஊரெல்லாம் தண்டோரா போட்டிருந்தார். கெஞ்சிப் பார்த்தார்கள். நிறுத்தினால் சனம் கூடாரத்தைக் கொளுத்திவிடும் என்றார்.

"நீ வாயே தொறக்காத," என்றாள் நாகவல்லி. "அவன் பாஷையில 'சோல்தரே'ன்னு ஒண்ணு கீது. 'நான் உடுவேன்'னு அர்த்தம். அதுக்கும் கடைசிலதான் அழுத்தம். நானே சொல்லிக்கிறேன்."

"புடிக்கிறவன் கூவாம இன்னா ஆட்டம்?"

"புடிக்கிறவன் புடிச்சா போதும்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினான். கீழே நின்று தலையாட்டுவது யாருக்கும் சுலபம். மேலே அவன் வாய் சும்மா இருக்குமா என்பதுதான் அவளுடைய பயம். அவனுக்கும் அதே பயம்தான்.

சாயங்காலம் பாண்டு வாத்தியம் நின்றது. நாகவல்லி கம்பியைப் பற்றிப் பலகையிலிருந்து பாய்ந்தாள். வலை இருந்த இடத்தில் மரத்தூள் மட்டும் கிடந்தது. ஊஞ்சல் முன்னே போய்ப் பின்னால் திரும்பியது.

"சோல்."

எதிரே அவன் உதடு பிரிவதைப் பார்த்தாள். இப்போது கத்தினால் தீர்ந்தது.

மதுரைவீரன் கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டான். தலைகீழாகத் தொங்கியவனின் ரத்தம் மூக்கைத் தாண்டி நெற்றிக்கு ஓடியது. துடைக்கவில்லை. இரண்டு கைகளும் அவளை நோக்கி விரிந்திருந்தன.

"த."

ஊஞ்சல் கீழிறங்கி மேலேறியது.

"ரே!"

அவள் அவன் கைகளில் தொங்க, கம்பி மட்டும் பலகைக்குத் திரும்பி வந்தது.