கால் வைத்த தோட்டம்

பழம் வெட்டுக்கு வந்து ஆறு நாளாகியும் மாயக்காள் தோட்டத்துக் கொத்துகளில் கத்தரி விழவில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடந்தால் தலையில் கொத்து இடிக்கும். இன்னும் நாலு நாள் தாங்கும். அதற்குள் ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை ஈயைத் தவிர யாரும் சீந்துவதில்லை.

முதல் நாளே ராக்கையா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கேரளாவுக்கு லோடு ஏற்றும் வியாபாரி. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஒரு விலை சொன்னார். மூன்றாம் நாள் வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்தார். ஐந்தாம் நாள் இன்னும் கொஞ்சம். கம்பம் வட்டாரத்தில் அவரைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. ஆனால் ஒருவர் கால் வைத்த தோட்டத்தில் இன்னொருவர் கால் வைக்கமாட்டார். எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பைக்கில் வருகிற வியாபாரி வேலியோரம் நிறுத்தி, "யாரு பாத்துருக்கா?" என்று கேட்பார். பேரைச் சொன்னதும் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அந்த ஆறாம் நாள்தான் தபால்காரர் ஒரு வெளிநாட்டுக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முழுக்க இங்கிலீஷ். மாயக்காளின் புருஷன் சின்னக்கருப்பு, பந்தல் கல்தூண் விழுந்து நசுங்கிய பாதத்தை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணன்ட்டக் கொண்டுபோயிக் காட்டு. அப்பிடியே வெலையும் கேட்டுட்டு வா."

அண்ணன் என்றால் ராக்கையா. பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, இன்சூரன்ஸ் பேப்பர் எது வந்தாலும் ஊர்க்காரர்கள் அவரிடம்தான் எடுத்துப் போவார்கள். பி.காம் படித்தவர். சலிக்காமல் படித்துச் சொல்வார், டீயும் வாங்கித் தருவார். மாயக்காள் கவரை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ராக்கையா தன் குடோனில் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாயக்கா, வெளிநாட்டுல இருந்தெல்லாம் கடுதாசி வருது? மாப்பிள்ளைய மாத்திட்டியா?"

"அட போங்கண்ணே. இருக்கிற ஒண்ணுக்கே கஞ்சி காச்ச முடியல. மானியம் கீனியம்னு எதுவும் போட்டிருக்கான்னு பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போட்டிச் சட்டத்த ஆராய்ச்சி பண்றவகளோட சர்வதேச சங்கமாம். ஜெர்மனி."

"போட்டியா? எங்க வீட்ல யாருண்ணே கபடி ஆடுறது?"

தராசுக்குப் பக்கத்தில் நின்ற எடையாள் சுரேஷ்கண்ணன் சிரித்தான். "சின்னக்கருப்பு மாமா இப்ப நொண்டி நல்லா ஆடுவாருக்கா."

"ஏலே, வாய மூடு" என்றார் ராக்கையா. "அந்தப் போட்டி இல்ல மாயக்கா. யாவாரிக எல்லாம் சேந்துக்கிட்டு வெலையக் கட்டக் கூடாது, ஒருத்தனுக்கொருத்தன் போட்டி போட்டுத்தான் வாங்கணும்னு ஒரு சட்டம் இருக்கு. அதப் படிச்ச வாத்தியாருக ஒலகம் பூரா சேந்து சங்கம் வச்சிருக்காக. வருசத்துக்கு ஒரு கூட்டம் போடுவாக போல." தொடர்ந்து படித்தார். "எங்கள் கூட்டத்தில் சாதியா அவர்கள் வாசித்த கட்டுரைக்குத் தகவல் தந்து உதவியதற்கு நன்றி. தகவல் தந்தவர்களுக்கு ஆய்வின் முடிவைத் தெரிவிப்பது எங்கள் விதி..."

சாதியா பேரைக் கேட்டதும் கடிதத்தில் என்ன இருக்கும் என்பது மாயக்காளுக்குப் புரிந்துவிட்டது. உத்தமபாளையத்துப் பிள்ளை, மதுரையில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவள். நாலு மாசத்துக்கு முன்னால், கவாத்து வெட்டும்போது, மூன்று நாள் பந்தலுக்கு அடியில் நோட்டோடு உட்கார்ந்து கேட்டாள். மாயக்காள் கொடியை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவளிடம் அதுவரை யாரும் அதையெல்லாம் கேட்டதில்லை.

"போதும்ணே. அந்தப் பிள்ளையவே கேட்டுக்கிடுறேன்." கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. "இரு. படிக்கச் சொல்லி வந்தவளுக்கு முழுசாப் படிக்கணும்ல." குரலை உயர்த்தாமல் படித்தார். "இப்பள்ளத்தாக்கில் ஒரு வியாபாரி நுழைந்த தோட்டத்தில் மற்றவர்கள் நுழைவதில்லை. இது எழுதப்படாத ஒரு கூட்டு. விவசாயிக்கு இரண்டாவது விலை என்பதே இல்லை." கடிதத்தை மடித்துக் கவரில் போட்டார். சுரேஷ்கண்ணன் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

"நான் ஒன்னய ஏமாத்துனேனா மாயக்கா?"

"ஏமாத்துனீகன்னு சொல்லலண்ணே. ஒத்த வெலதான் கெடைக்குதுன்னேன். அது பொய்யா?"

"பொய் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நான் கால எடுத்துக்கிட்டேன். இனி ஒந்தோட்டம் எல்லாத்துக்கும் பொது. எவன் வேணாலும் வரட்டும், என்ன வெல வேணாலும் சொல்லட்டும். அதத்தான கேட்ட?"

டீ வந்தது. அவளுக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் யாரும் வரவில்லை. கம்பத்து வியாபாரி ஒருவருக்குப் போன் போட்டாள். "ராக்கையா அண்ணனே விட்டுட்டாருன்னா பழத்துல என்னமோ இருக்குத்தா" என்றார் அவர். இன்னொருவர் எடுக்கவே இல்லை. பழம் வெட்டும் பெண்களும் வியாபாரியின் ஜீப்பில்தான் வருவார்கள். அவர்களுக்குத் தலைவி மலையம்மாள். குழாயடியில் அவளிடம் கேட்டபோது குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கூலி குடுப்ப, இல்லங்கல. நாளைக்கி எங்கள எவன் கூப்பிடுவான்?"

மாயக்காள் சாதியாவைப் போனில் பிடித்து, கடிதம் வந்ததையும் வெட்டு நின்றுபோனதையும் சொன்னாள்.

"கடுதாசிய யார்ட்டக்கா காட்டுனீக?"

"ராக்கையா அண்ணன்ட்ட."

"யாக்கா... அவர்ட்டயா?"

"இங்கிலீசு படிக்க ஊர்ல வேற ஆளு யாருத்தா இருக்கா? நீ தமிழ்ல எழுதச் சொல்லிருக்கணும்."

"தப்புத்தான்க்கா. அவக அனுப்புவாகன்னு எனக்குத் தெரியும். நான் யோசிக்கல." சாதியா உடனே ஒரு வழி சொன்னாள். "டெல்லியில இத விசாரிக்கன்னே அரசாங்கக் கமிஷன் இருக்கு. மனுப் போடலாம்."

"போட்டா எத்தன நாளாகும்?"

"நாள் கணக்கு இல்லக்கா. வருசமாகும்."

"பழம் ரெண்டு நாளுதான் தாங்கும்" என்று சொல்லி மாயக்காள் போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சாதியா வந்துவிட்டாள். அவள் தம்பி அப்சல் ஒரு மினி வேனை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். மாயக்காளோடு சேர்ந்து மூன்று பேரும் வெட்டினார்கள். சின்னக்கருப்பு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து சொத்தைப் பழங்களைக் கிள்ளி எடுத்தான். பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்தே வேலை செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்தில் சாதியாவின் பிடரி இழுத்துக்கொண்டது. கழுத்தைத் தடவிக்கொண்டே அடுத்த கொத்தை வெட்டினாள். பத்து மணிக்குள் முப்பத்தெட்டுப் பெட்டி தேறியது.

தேனி உழவர் சந்தைக்குள் விடவில்லை. உழவர் அடையாள அட்டை வேண்டுமாம். மாயக்காளிடம் இல்லை, இத்தனை வருசமும் தோட்டத்து வாசலிலேயே விற்றவளுக்கு அட்டை எதற்கு? வெளியே ரோட்டோரம் வேனை நிறுத்திக் கூவினார்கள். சாதியாவுக்குக் கூவ வரவில்லை. அப்சல் கூவினான். ராக்கையா சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு சொல்லியும் ஜனம் பேரம் பேசாமல் வாங்கியது.

"பாத்தீகளாக்கா?" என்றாள் சாதியா. காலையிலிருந்து இப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"பாத்தேன். இங்கன முப்பத்தெட்டுப் பெட்டி. அங்கன நானூறு பெட்டி தொங்குது."

பகல் இரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டி காலியாகும்போது தெற்கே கம்பம் பக்கம் மேகம் மூடி மலை தெரியவில்லை. அப்சல் வண்டியை விரட்டினான். சின்னமனூர் தாண்டும்போதே ரோடு நனைந்திருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சின்னக்கருப்பு நனைந்தபடி பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். ஒரு கொத்தைக் கையில் ஏந்திக் காட்டினான். தோல் பிளந்து சாறு ஒழுகியது.

வெடித்த பழத்தைக் கொடியில் விடக்கூடாது. அழுகல் கொடிக்கு ஏறிவிடும். விற்கிற பழத்துக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவும் கொட்டுகிற பழத்துக்கும் உண்டு. திங்கட்கிழமை சாதியா கல்லூரிக்குப் போகவில்லை. கொத்துகளை வெட்டிக் கூடையில் போட்டு, ஓடைக்கரையில் தோண்டிய குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குளவி மொய்த்தது. புளித்த வாடை புடவையில் ஏறி நின்றது.

மத்தியானம் சாதியா கத்தரியைக் கீழே வைத்தாள். "யாக்கா, எம்மேல கோவமா?"

"கோவப்படணும்னா ஒக்காந்து படணும். நேரமில்ல."

"இப்ப நடந்ததே பெரிய சாட்சி. மனுவ நான் எழுதுறேன். சங்கத்துல பெரிய பெரிய ஆளுக இருக்காக, அவகளும் ஒதவுவாக. நீங்க கையெழுத்துப் போடுவீகளா?"

மாயக்காள் அண்ணாந்து பார்த்தாள். எட்டு வரிசை முடிந்திருந்தது. இன்னும் இருபத்தாறு கிடந்தது. இதைக் கழித்து, கவாத்து வெட்டி, உரம் வைத்து, மருந்தடித்து, திரும்பவும் ஒரு வெட்டு வரும். அன்றைக்கு வேலியோரம் பைக்கை நிறுத்தப் போகிறவர்களும் இதே பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

"யோசிக்கணும்த்தா. இன்னைக்கி எனக்கு யோசிக்க ஓடல." நிறைந்த கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "இதக் கொண்டுபோயிக் கொட்டிட்டு வா. குளவி இருக்கு, பாத்து."

சாதியா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். சாறு அவள் நெற்றி வழியாக இறங்கியது. மாயக்காள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.